வெள்ளச்சி குட்டிய காப்பாத்துன அக்காவுக்கு நன்றி

பேர் கூட சொல்லாம போயிட்டீங்கக்கா, அதான் இங்க எழுதுறேன். வேளச்சேரியில எங்க தெரு நாய் வெள்ளச்சி குட்டி போட்ட ராத்திரி செம மழை, பார்க்கிங் ஃபுல்லா தண்ணி, ஒரு குட்டி மட்டும் ஜில்லுனு அசையாம கிடந்துச்சு. ஆளாளுக்கு பால் ஊத்துங்கன்னு சொல்றப்போ நீங்க ஸ்கூட்டிய ஓரமா போட்டுட்டு ஓடி வந்து, உடம்பு சூடாகாம வாயில எதுவும் ஊத்தாதீங்க, செரிக்காது, நுரையீரலுக்குள்ள போயிடும்னு தடுத்து, துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டீங்க. பொறந்த குட்டிக்கு முதல் ரெண்டு வாரமாவது தன் உடம்பு சூட்ட தானே காப்பாத்திக்க முடியாதாம், எங்க தெருவுல யாருக்குமே இது தெரியாது. சுடுதண்ணி பாட்டில துணி சுத்தி பெட்டியில ஒரு பக்கம் மட்டும் வச்சீங்க, சூடு தாங்கலன்னா நகர இடம் வேணும்னு. அது முனக ஆரம்பிச்சதும் சீம்பால் குடிக்கட்டும்னு தாய்கிட்டயே விட்டீங்க, யாரையும் கிட்ட விடாத வெள்ளச்சி உங்க கைய நக்குச்சு! தாய்க்கு நடுக்கம், வலிப்பு வந்தா கால்சியம் குறைஞ்சிருக்கும், உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்கன்னு சொன்னத கேட்டு சுவத்துல எழுதியே ஒட்டிட்டோம். ரொம்ப ரொம்ப நன்றிக்கா. இப்ப எல்லா குட்டியும் கண்ணு தொறந்துடுச்சு, அந்தக் குட்டிதான் முட்டி மோதி முதல்ல பால் குடிக்குது, இந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா பாத்துட்டு போங்க.