அந்த ஷட்டரைத் தூக்கிக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகப் பொறுப்பாளர்களே, கண்காட்சி அமைப்பாளர்களே,

வணக்கம். மும்பை ஓவியர் அதுல் தோடியா கடை ஷட்டர்களில் வரைந்த ஓவியங்களைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

நான் மும்பையில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன். 1992 டிசம்பரிலும் அடுத்த மாதமும், கலவரம் என்ற பேச்சு எங்கள் தெருவை எட்டுவதற்குள் ஷட்டர்கள் வரிசையாகச் சடசடவென்று இறங்கும். அப்பா எங்களை உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியாக இழுத்து மூடுவார். தோடியா மும்பையின் காட்கோபர் பகுதிக்காரர். அவருக்கும் அந்தச் சத்தம் தெரியாமல் இருக்காது. கடை ஷட்டரின் தகரத்திலேயே எனாமல் பெயின்ட்டால் வரைந்து, 2001-ல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் வரை கொண்டுபோனார். காந்தியின் பழைய புகைப்படங்களை நீர்வண்ணத்தில் வரைந்தவரும், 'ஷோலே' பட வில்லன் கப்பர் சிங்கை கான்வாஸுக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். சரித்திரம், சினிமா, செய்தித்தாள் எல்லாம் ஒரே தெருவில்தானே கிடக்கின்றன!

2002-ல் அவர் செய்த 'மகாலட்சுமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் இறங்கியிருந்தால் காலண்டரில் பார்த்துப் பழகிய லட்சுமி. கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டி, காலையில் ஊதுபத்தி காட்டுவோமே, அதே முகம். தூக்கினால் அம்மன் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு மேலே போய்விடுகிறாள். பின்னால் உள்ள படத்தில் இருப்பவர்கள் வரதட்சணைக் கவலையில் உயிரை விட்ட மூன்று சகோதரிகள். ஷட்டர் மேலே ஏறுவதால் அந்தக் காட்சி கீழிருந்துதான், கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். அந்தச் சில நொடிகள்தான் ஓவியமே. செய்தித்தாளில் ஒரே பார்வையில் கடந்துபோன சாவை இங்கே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நான் போன ஒரு கண்காட்சியில் அவருடைய ஷட்டர் ஒன்று பாதியில் நின்றது. முன்னால் கயிறு, தொடக்கூடாது என்று பலகை. முன்படமும் முழுசாக இல்லை, பின்படமும் முழுசாக இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "இது ரிப்பேரா?" என்று ஊழியரிடம் கேட்டார். அவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

அடிக்கடி சுருட்டினால் பெயின்ட் உரசி உரியும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். பொதுமக்கள் கையில் விடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு வீடியோ ஓடவிடலாமே என்பீர்கள். வீடியோவில் தகரத்தின் அதிர்வு காலடியில் தெரியாது ஐயா. சுருளும் என்று தெரிந்தேதான் அவர் ஷட்டரைத் தேர்ந்தெடுத்தார்.

நாளுக்கு இரண்டு முறை போதும். பழக்கப்பட்ட ஒரு ஊழியர், ஒரு கொக்கிக் கம்பி. முழுசாகத் தூக்கி, கொஞ்ச நேரம் விட்டு, முழுசாக இறக்குங்கள். எத்தனை மணிக்கு என்பதை வாசலில் எழுதி வையுங்கள். அந்த நேரத்துக்கு நாங்கள் வந்து நிற்கிறோம்.

அன்புடன்,
ஒரு கடைக்காரரின் மகன்