மில்லை இடிக்கிறார்கள், தாயி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

நான் வேலை பார்த்த மதுரை நூல் மில்லின் இடிப்பு, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பக்கம் வரை வந்துவிட்டது. "நஷ்டம் வந்தால் மூடத்தானேப்பா செய்வார்கள், அதற்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்?" என்று போனில் கேட்டாய். எனக்குக் குரல் கம்மிப் போய்விட்டது. எழுத்தில் என்றால் சொல்லிவிடுவேன்.

அந்த நஷ்டம் தானாக வந்ததில்லை தாயி. நான் நூல் நூற்ற ரிங் ஃபிரேம் மெஷின்கள் நான் வேலைக்குச் சேரும்போதே பழசு. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் புது மில்கள் வந்தன. அங்கே நூல் முறுக்குகிற ஸ்பிண்டில் இன்னும் வேகமாகச் சுற்றியது. கோன் சுற்றும்போது இழை அறுந்தால் மெஷினே பிணைத்துக்கொண்டது. சில இடங்களில் சின்னப் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி அடிமாட்டுக் கூலிக்கு வேலை வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பட்டது தனிப் பாவம். நம் மில்லில் யாரும் புதிதாக ஒரு ரூபாய் போடவில்லை. ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. லீவு போட்டவனுக்கு மாற்றாளாக, பதிலியாக வந்தவன் தலை நரைக்கும்வரை பதிலியாகவே இருந்தான். அப்புறம் 2008-இலிருந்து மின்வெட்டு. டீசல் ஊற்றி நூல் நூற்றால் கட்டுபடியாகாது என்று முதலில் முழு நைட்டை நிறுத்தினார்கள். நிறுத்திய ஷிஃப்ட் திரும்ப ஓடவே இல்லை. ஸ்டேஷன் பக்கம் சென்ட் என்ன விலை போகிறது என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. நூலைவிட நிலம் லாபம் என்று எவனோ கணக்குப் போட்டதும் மில்லின் கதை முடிந்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஊருக்கு நடுவில் மில் எதற்கு என்றும் இப்போது கேட்கிறார்கள். மில்லைச் சுற்றித்தானே அந்தப் பக்கத்து ஊரே வளர்ந்தது! விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பஞ்சு ரயிலில் வரும். 1890-களில் ஹார்வி துரைமார் மதுரா மில்லை ரயில் பாதையை ஒட்டித்தான் கட்டினார்கள். 1920-களில் கருமுத்து தியாகராசரின் மீனாட்சி மில் வந்தது. நம்முடையது மாதிரிச் சின்ன மில்கள் பின்னால் வந்தன. மேலப்பொன்னகரம், கரிமேடு, ஆரப்பாளையம் எல்லாம் மில் சம்பளத்தில் அடுப்பு எரிந்த தெருக்கள். அரை நைட்டு முடிந்து வருகிறவனுக்கு நடுச்சாமத்தில் சூடாக இட்லி கிடைத்தது. மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறோமே, அதில் எங்கள் ஷிஃப்டுக்கும் பங்கு உண்டு.

உரிமைகளும் சும்மா வரவில்லை. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் 1908-இல் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி. கூடவே நின்றார். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. 1918-இல் மதுரையில் ஹார்வி மில் ஆட்களைச் சங்கமாகச் சேர்த்தவர்களில் ஜார்ஜ் ஜோசப் முக்கியமானவர். யானைக்கல்லில் சிலையாக நிற்கிறாரே, ரோசாப்பூ துரை, அவர்தான். பேரன் லீவுக்கு வரும்போது அந்தச் சிலையைக் காட்டி யார் என்று சொல்லிக்கொடு.

மில் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காற்று காய்ந்தால் இழை அறும் என்று ஷெட்டை எப்போதும் ஈரமும் புழுக்கமுமாக வைத்திருப்பார்கள். உன் பெரியப்பா பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோ ரூமில் பஞ்சுத் தூசியிலேயே வாழ்ந்தவர். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் அவருக்கு நெஞ்சு அதிகமாக இறுகும். பைசினோசிஸ், பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் என்று டாக்டர் பெயர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. கணக்கு முடித்தபோது சேர வேண்டிய கிராஜுவிட்டிக்கும் நாங்கள் கோர்ட்டுக்கு அலைந்தோம். சட்டப்படி வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். கெஞ்சிக் கேட்கிற காசா அது?

ஆனாலும் அந்த ஷெட்டைக் கட்டியவன் வேலை தெரிந்தவன். கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்தே இருக்கும். வெயில் உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் சீராக வரும். எந்த இழை அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இப்போது அந்தக் கண்ணாடியை உடைத்துத் தள்ளிவிட்டு, வார்ப்பிரும்புத் தூண்களைக் கிலோ கணக்கில் எடை போடுகிறார்கள். தேக்கு உத்தரத்துக்குத் தனியாக ஒரு வியாபாரி வந்து நிற்கிறான்.

மதுரைக்கு இடிப்பது புதிதில்லை. 1840-ஐ ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கவைத்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே இடம் என்று சொல்லி ஜனங்களை இறக்கினார். வேலையை முன்நின்று நடத்திய மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயராக இன்னும் இருக்கிறார்கள். பிளாக்பர்ன் நினைவாக விளக்குத்தூண் இருக்கிறது. கோட்டையிலும் ஒரு துண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிறது. அதே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில்தான் தங்கம் தியேட்டர் இருந்தது. இடித்தார்கள், துணிக்கடை வந்தது. அங்கே தியேட்டர் இருந்தது என்று உன் மகனுக்கு யார் சொல்வார்கள்? நம் மில்லுக்கும் அப்படி ஆகக் கூடாது.

அடுக்குமாடி வரட்டும், அதை நாங்கள் தடுக்க முடியாது. முன்கேட்டின் இரண்டு தூணையும் மேல் வளைவையும் மட்டும் விட்டுவைக்க வேண்டும், இங்கே நூல் நூற்றார்கள் என்று பக்கத்தில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் இருந்த பெண்களும் வந்தார்கள். இரண்டு பேர் கைரேகை வைத்தார்கள்.

இதில் உன்னால் ஆகிற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு மில்லுக்குள் போனோமே, கையில் பாபினோடு நீ கேட்டுக்கு முன்னால் நிற்கிற போட்டோ உன் ஆல்பத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். அதற்குள் அதை வாட்ஸாப்பில் அனுப்பு. மனுவையும் படம் எடுத்து அனுப்புகிறேன், பிழை பார்த்து டைப் செய்து தா. மேல் வளைவு முழுசாகத் தெரிகிற மாதிரி வேறு படம் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா