சீமாறுக்குச் சிவப்புச் சுழி

எங்கள் ஊர்ப் பள்ளித் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. ஆறாவது படிக்கும் என் பேத்தியின் கட்டுரை நோட்டைப் பற்றித்தான். திருத்தியது நீங்கள், அதனால் விவரம் தெரியும்.

“எங்கள் அமுச்சி வெள்ளென எழுந்து சீமாறு எடுத்து வாசல் கூட்டுவார்.” இந்த ஒரு வரிக்கு மூன்று சுழி. மேலே பாட்டி, அதிகாலை, விளக்குமாறு என்று திருத்தம். ஓரத்தில் ‘கொச்சை’. பத்துக்கு ஆறு.

கோழி குப்பையைச் சீய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீத்தல் என்றால் பெருக்கித் தள்ளுவது, பழைய தமிழ். அப்படிச் சீய்க்கிற மாறு சீமாறு. நீங்கள் எழுதிய விளக்குமாறிலும் அதே மாறுதானே இருக்கிறது? நோன்பு எங்கள் கொங்கு வாயில் நோம்பியானது, பெண்கள் சிறுகச் சேர்த்து வைக்கும் சிறுபாடு சிலுவாடானது. தேய்ந்திருக்கலாம், கெட்டுப்போகவில்லை.

அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. உங்கள் ‘பாட்டி’ எந்தப் பாட்டிங்க?

அன்று பொழுதோட பிள்ளை வந்து, “அமுச்சி, இனிமே உங்களைப் பாட்டின்னே கூப்பிடட்டுமா? அதுதான் சரியாமா” என்று கேட்டாள். “உன்ர இஷ்டம் சாமி” என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். அப்புறம் கையிலிருந்த முறத்தை ரொம்ப நேரம் புடைத்துக்கொண்டே இருந்தாள். அரிசியில் கல்லே இல்லை.

அந்தக் ‘கொச்சை’யை அடித்துவிட்டு ‘வட்டார வழக்கு’ என்று எழுதிக் கொடுங்கள். மார்க் வேண்டாம்.

அதே பக்கத்தில் ஹோம்வொர்க்கும் டிபன் பாக்ஸும் சுழி படாமல் தப்பியிருக்கின்றன. அவை எந்தச் சங்கத்தில் அரங்கேறினவோ! சினிமாவில் ‘ஏனுங்க’ என்றால் கொட்டகையே சிரிக்கிறது. நோட்டில் எழுதினால் சிவப்பு மை. நாங்கள் எங்கேதான் பேசுவது, மாட்டுக்கொட்டாயிலா?

சரி, கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்க. எழுத்தில் எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்று சொல்லிக் கொடுங்கள், அது உங்கள் வேலை, நான் குறுக்கே வரமாட்டேன். எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000-இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ என்று ஒரு அகராதியே கொண்டுவந்திருக்கிறார். பள்ளி நூலகத்துக்கு ஒன்று வாங்கக் காசில்லை என்றால், அமுச்சியின் சிலுவாட்டிலிருந்து தருகிறோம்.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும், பிள்ளை பார்க்கும்படி, தயவுசெய்து அடித்துவிடுங்க.

இப்படிக்கு,
அவளுடைய அப்பச்சி