சுமதிக்கு, நீ கேட்ட வேலையைப் பற்றி

அன்புள்ள சுமதி,

உன் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது. சின்னவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏற முடிகிறது.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு உங்கள் மாநில ஆம்புட்ஸ்மேன் திட்டத்தில், அதாவது பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களின் குறைகளைக் கேட்டு அவர்களுக்காகப் பேசும் திட்டத்தில், தன்னார்வலராகச் சேரலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் சேர். ஆனால் இது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொண்டு சேர். எங்கள் வட்டாரத் திட்டத்தை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதியவர்களிடம் அன்பாக நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று நினைத்து நிறையப் பேர் வருகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் நம் வேலை நர்சிங் ஹோம்களிலும் (நம் ஊர் போல ஆஸ்பத்திரி அல்ல, நீண்ட நாள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்கள்) அசிஸ்டெட் லிவிங் இல்லங்களிலும் (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் இல்லங்கள்) வசிப்பவர்கள் பக்கம் நின்று பேசுவது. 1972-இல் அமெரிக்காவின் சில மாநிலங்களில் மட்டும் இதைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 1978-இல் முதிய அமெரிக்கர் சட்டத்தைத் திருத்தி, எல்லா மாநிலங்களிலும் இந்தத் திட்டம் இருந்தாக வேண்டும் என்றார்கள். நம்மால் அபராதம் போட முடியாது, உரிமத்தை ரத்து செய்ய முடியாது. அதெல்லாம் அரசின் ஆய்வுத் துறை பார்க்கும். உள்ளே போய் அவர்களைத் தனியாகச் சந்திக்கும் உரிமை நமக்கு உண்டு. மற்றதெல்லாம் சட்டம் தெரிந்திருப்பதிலும், விடாமல் போய்க்கொண்டிருப்பதிலும்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் பிடிப்பது ஒரு விஷயம்தான். அங்கே வசிப்பவர் என்ன விரும்புகிறாரோ அதற்காகத்தான் நாம் பேச வேண்டும். அவருடைய மகளுக்கு எது நல்லதென்று படுகிறதோ அதற்காக அல்ல. நமக்கு எது சரியென்று படுகிறதோ அதற்காகவும் அல்ல. அவர் சம்மதிக்காமல் புகாரைக் கொண்டுபோகக் கூடாது, பெயரை வெளியே சொல்லக் கூடாது. (சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, பயிற்சியில் விவரமாகச் சொல்வார்கள்.)

ஒரு சம்பவம் சொல்கிறேன், இடம் பெயர் எதுவும் இல்லாமல். இரவில் மணி அடித்தால் யாரும் வருவதில்லை, படுக்கை நனைந்துவிடுகிறது என்று ஒரு அம்மா எங்கள் தன்னார்வலரிடம் அழுதிருக்கிறார். நிர்வாகியிடம் பேசட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டவே வேண்டாம், நீங்க போனப்புறம் நான்தானே இங்கே இருக்கணும்" என்றாராம். தன்னார்வலர் கொதித்துப்போய் வந்தார். அன்றைக்கே புகார் எழுத வேண்டும் என்றார். நான் கூடாது என்றேன். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதுதான். ஆனால் நள்ளிரவில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவருக்கு அந்தச் சட்டம் பக்கத்தில் வந்தா நிற்கப்போகிறது? அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மதிக்காமல் அவருக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அதற்காகச் சும்மா இருக்கவும் இல்லை. தன்னார்வலர் இன்னும் அடிக்கடி போனார், நேரம் மாற்றி இரவிலும் போனார். மற்ற அறைகளில் பொதுவாக விசாரித்ததில் பலருக்கும் அதே குறை இருந்தது. அந்த இல்லத்தில் வசிப்போர் குழு என்று ஒன்று பெயருக்கு இருந்தது. அதைக் கூட்டுவதற்கு உதவினோம். குழு எழுப்பும் குறையை நிர்வாகம் பரிசீலித்து, என்ன செய்தோம் என்று பதில் சொல்லியாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. குறை குழுவின் பெயரில் போனது. இரவுப் பணிக்கு ஆள் கூட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மா தானாகவே வாய் திறந்து, சாப்பாடு ஆறிப்போய் வருவதைப் பற்றிப் பேசினார்!

அப்புறம், டிஸ்சார்ஜ் விவகாரம். இது நிறைய வரும். நர்சிங் ஹோமிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டுமானால் சட்டம் சொல்லும் ஆறு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும், பொதுவாக 30 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். நோட்டீஸின் நகல் மாநில ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் வர வேண்டும். ஆனால் நோட்டீஸே இல்லாமல், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மறுப்பவர்கள் இருக்கிறார்கள். மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே, பணம் கட்டவில்லை என்று கிளம்பச் சொல்வார்கள். அதற்கு விதியில் இடமில்லை என்பது குடும்பத்தாருக்குத் தெரியாது, பெட்டியைக் கட்டிவிடுவார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2,000 படுக்கைகளுக்கு ஒரு முழுநேர ஊழியராவது வேண்டும் என்று 1995-லேயே ஒரு தேசிய ஆய்வுக் குழு பரிந்துரைத்தது. எங்களுக்கு அந்த அளவுக்கு ஆள் இல்லை, அதனால்தான் உன்னைப் போன்றவர்களை நம்பியிருக்கிறோம். 2020 மார்ச்சில் கோவிட் வந்து கதவுகளை மூடியபோது நாங்களும் வெளியே நின்றோம். தொலைபேசியில் குரல் கேட்டால் போதும் என்று இருந்தவர்கள் எத்தனை பேர்! யாராவது வழக்கமாக வந்து போவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அப்போது தெரிந்தது.

பயிற்சி குறைந்தது 36 மணி நேரம் இருக்கும். அதில் ஒரு பகுதி இல்லங்களுக்கே நேரில் போய்ப் பழகுவது. உன் குடும்பத்தில் யாராவது இப்படிப்பட்ட இல்லத்தில் வேலை செய்தாலோ, பங்கு வைத்திருந்தாலோ விண்ணப்பத்திலேயே சொல்லிவிடு. உன்னை யார் மேற்பார்வை பார்ப்பார்கள், சிக்கல் வந்தால் அன்றைக்கே போனில் கிடைப்பார்களா என்றும் கேட்டுக்கொள். தனியாக விடப்பட்டதாக உணரும் தன்னார்வலர்கள்தான் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள்.

வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று தெரிந்ததும் எழுது. கல்யாணத் தேதியோடு மோதினால் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடு, ஒன்றும் அவசரமில்லை.

அன்புடன்,
மீனா