கூடாரத்துக்குள் கரி அடுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் தம்பதிகள் காரில் மலைக்காடுகளுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி வந்த கட்டுரையை நானும் என் கணவரும் சேர்ந்தே படித்தோம். நாங்களும் பல வருடங்களாக அப்படிச் சுற்றுகிறவர்கள்தான். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் சின்ன கியரில் இறங்குங்கள் என்று எழுதியிருந்தது சரி. காய்ந்த கிளைக்குக் கீழே கூடாரம் வேண்டாம் என்றதும் சரி. ஆனால் அந்தப் படம்! மூடிய கூடாரத்துக்கு நடுவில் கரி அடுப்பு, அதில் கணவனும் மனைவியும் கை நீட்டிக் குளிர்காய்கிறார்கள். அதைப் பார்த்ததும் இவர் பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளினார். "டீச்சர், நீயே எழுது" என்றார்.

நான் 31 வருடம் வேதியியல் நடத்தியவள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அந்த நானேதான் 6 வருடங்களுக்கு முன்பு ஒரு மலைக்காட்டில் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரத் தலையாட்டினேன்.

ஓடைச் சத்தத்தைக் கேட்டபடி தூங்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. அதனால் பள்ளத்தில் இறங்கிக் கூடாரம் போட்டோம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் போர்வை எடுத்து வைத்திருந்தேன். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் வழிந்து, பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் பற்கள் தந்தியடித்தன. சமைத்து முடித்த அடுப்பு வெளியே இருந்தது. தீ அடங்கி, கங்கு மட்டும் சிவந்து கிடந்தது. "தீயும் இல்லை, புகையும் இல்லை, உள்ளே வைத்தால் என்ன?" என்றார். வைத்தோம். பனி வருகிறதென்று ஜிப்பையும் முழுக்க இழுத்து மூடினோம்.

புகையாத கங்குதான் ஆளை ஏமாற்றும். காற்று போதாமல் கனியும் கரியிலிருந்துதான் இந்தக் கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வரும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு முட்டினாலாவது எழுந்து ஓடுவோம், முட்டவே முட்டாது. எனக்குத் தலை வலித்தது, வளைவு வளைவாகச் சுற்றி வந்ததால் என்று நினைத்தேன். இவருக்குக் குமட்டல், சாப்பாடு சேரவில்லை என்றார். மலைப் பயணத்தில் தலைவலிக்கும் குமட்டலுக்கும் காரணத்துக்கா பஞ்சம்?

வாந்தி எடுக்க வெளியே போனவர் தடாலென்று விழுந்தார். அந்தச் சத்தத்தில் எழப் பார்த்தேன், கால் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி என்று தோன்றிய பிறகுதான் நான் நடத்திய பாடம் எனக்கே நினைவுக்கு வந்தது. தவழ்ந்து வெளியே வந்து விழுந்தேன். இவருக்கு வாந்தி வராமல் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

வண்டி ஓட்டும் நிலையில் இருவருமே இல்லை. எங்கள் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து, மேலே தங்கியிருந்த ஒரு குடும்பம் ஓடிவந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது. அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும்.

ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். போதாது. இந்த வாயு கிட்டத்தட்ட காற்றின் எடைதான். மேலே ஏறி வெளியே போய்விடாது, தரையிலும் படியாது, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்தே நிற்கும். கேஸ் அடுப்பையும் உள்ளே எரிக்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்குவதும் ஆபத்துதான். பாட்டரியில் ஓடும் அலாரம் விற்கிறார்கள். நாங்களும் வாங்கி வைத்திருக்கிறோம். அது இருக்கிற தைரியத்தில் அடுப்பை உள்ளே வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

இப்போதெல்லாம் பள்ளத்தை விட்டுச் சற்று மேலே தங்குகிறோம். போர்த்திக்கொள்வதைவிடக் கீழே விரிப்பதற்கு அதிகம் எடுத்துப்போகிறோம், உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சுகிறது. மூடி இறுகிய பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால் நள்ளிரவு வரை சுகமாக இருக்கும். ஓடைச் சத்தம் கேட்கவில்லை என்று இவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அது தவறான படம் என்று கண்ணில் படும்படி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்