புது அலமாரியில் யூதப் பண்டிகைப் படப் புத்தகங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே பல ஊர்களில் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கும், நோன்பிருந்து மன்னிப்புக் கேட்கும் நாளான யோம் கிப்பூருக்கும் லீவு விட்டுவிடுகிறார்கள். பிள்ளை காரணம் கேட்டால் "யூதர்களுக்குப் பண்டிகை" என்பதோடு நம் பதில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சொல்லப் புத்தகம் உண்டா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். இந்த மாதம் முதல் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறோம். எதை வைத்தோம், எதை விட்டோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பதிப்பகங்களின் பட்டியலைத் திறந்தால் ஹனுக்கா புத்தகங்களே குவிந்து கிடக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் அமெரிக்காவில் அதற்கு அவ்வளவு மவுசு. யூத மரபுக்குள் அது சின்னப் பண்டிகைதான். வேலைக்குப் போகலாம், கடை திறக்கலாம். எட்டு இரவு விளக்கு, எண்ணெயில் சுட்ட உருளைக்கிழங்கு அடை, நான்கு பக்கப் பம்பரம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் நல்லதாகச் சிலவற்றை மட்டும் எடுத்தோம்.

அதிகம் வாங்கியது ஷபாத் புத்தகங்களைத்தான். அது வாரா வாரம் வரும் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் மெழுகுவத்தி, துணி போட்டு மூடிய இரண்டு ஹலா ரொட்டி, திராட்சை ரசம், பிள்ளைகள் தலையில் கைவைத்துப் பெற்றோர் சொல்லும் ஆசி. மறுநாள் இருட்டி நட்சத்திரம் தெரிந்ததும் பின்னல் மெழுகுவத்தி ஏற்றி, கிராம்பு, பட்டை போட்ட டப்பாவை ஆளாளுக்கு முகர்ந்து பார்த்து ஷபாத்தை அனுப்பி வைப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைப் படத்தில் காட்டினாலே போதும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தவை பாஸ்ஓவர் புத்தகங்கள். யூதர்களின் முன்னோர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் அந்தப் பண்டிகையின் இரவு விருந்தே குழந்தையை நடுவில் வைத்து அமைத்தது. "இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி?" என்று வீட்டின் கடைக்குட்டி பாட்டாகக் கேட்க, எகிப்தில் அடிமையாக இருந்து வெளியேறிய கதையைப் பெரியவர்கள் சொல்லியாக வேண்டும். தட்டில் இருப்பதெல்லாம் கதையின் துண்டுகள்: உப்புத் தண்ணீர் கண்ணீருக்கு, ஆப்பிளும் கொட்டைகளும் சேர்த்த விழுது செங்கல் சாந்துக்கு. புளிக்காத மட்ஸா ரொட்டியில் ஒரு துண்டை ஒளித்துவைத்துத் தேடவும் விடுவார்கள், கண்டுபிடித்தால் பரிசு. பிள்ளைகள் பாதியில் தூங்கிவிடாமல் இருக்க நல்ல தந்திரம்!

ஒரு குறை உண்டு. பெரும்பாலான புத்தகங்களில் வருவது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பம்தான். பாஸ்ஓவருக்கு அரிசியே தொடாத வீடுகளும் உண்டு, அரிசிச் சோறு பரிமாறும் வீடுகளும் உண்டு. மொராக்கோ, ஈராக், எத்தியோப்பியா என்று சமையலும் பாட்டும் மாறும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடியவர்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் வரும் படப் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் முதல் வரிசையில் வைப்போம்.

தேர்வுக்குப் பெரிதும் உதவியது சிட்னி டெய்லர் விருதுப் பட்டியல். யூத வாழ்வைச் சொல்லும் சிறுவர் புத்தகங்களுக்கு யூத நூலகங்களின் சங்கம் 1968 முதல் வழங்கிவரும் விருது அது. யூத இன அழிப்பு பற்றிய புத்தகங்களை இந்த அலமாரியில் வைக்கவில்லை. ஒரு சமூகத்தை அதன் விருந்து, பாட்டு வழியாகப் பிள்ளை முதலில் அறியட்டும் என்பது எங்கள் எண்ணம். பெரிய பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், உள்ளே தனியாக இருக்கின்றன.

அப்புறம், உங்கள் வீட்டில் அம்மா அப்பாவில் ஒருவர் யூதர் என்றால், எங்களிடம் வாங்கும் முன் பிஜே லைப்ரரியில் பதிந்துகொள்ளுங்கள். 2005இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் இலவசமாகவே புத்தகம் வரும். எங்களுக்கு வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ரோஷ் ஹஷானா புத்தகங்கள் இப்போதே வந்துவிட்டன: தேனில் தோய்த்த ஆப்பிள், ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவது எல்லாம் அவற்றில் வரும். இலைக்கூரைக் குடிலில் சாப்பிடும் சுக்கோத் பண்டிகை அதற்கு இரண்டே வாரத்தில் வருவதால் அந்தப் புத்தகங்களையும் சேர்த்தே அடுக்கியிருக்கிறோம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கேளுங்கள். தாள் புத்தகம் ஒரு வாரம் தாங்காது. கடையில் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டே வாங்கலாம்.

அன்புடன்,
உங்கள் புத்தகக் கடையினர்