மூத்தவர் விழும் நாள்: ஜூடோ சங்க ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மாஸ்டர்களுக்கும், பெற்றோருக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் கூரை ஒழுகியதால் ஒரு வாரம் ஹாலைப் பூட்டி வைத்தோம். மற்றபடி வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு நிற்கவில்லை. பெல்ட் தேர்வு நடந்தது. மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகள் போய் வந்தார்கள். பதக்கம் வாங்கியவர்கள் பெயர் வாசலில் பலகையில் இருக்கிறது.

இந்த ஆண்டு நம்மைப் பாடாய்ப் படுத்தியது தரைதான். நாம் பயிற்சி செய்வது மாடியில். மேலே ஒருவர் விழுந்தால் கீழே இருப்பவர்களுக்கு இடி இடித்த மாதிரி. அவர்கள் கட்டட உரிமையாளரிடம் முறையிட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. நேரில் போய்ப் பேசினோம். பழைய மாணவர்கள் பணம் போட்டார்கள், மேட் என்கிற பயிற்சி விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் வாங்கிப் போட்டோம். சத்தம் முழுதாகப் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் எறிதல் கிடையாது, தரைப்பிடி மட்டும் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இதை எல்லோரும் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

ஷீட் விரித்த ஞாயிற்றுக்கிழமை, வியர்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு மாஸ்டர் ஒரு சங்கதி சொன்னார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகன் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. இடம், எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் 12 பாய் விரிக்கும் அளவு ஓர் அறை. சுமார் 20 சதுர மீட்டர். முதல் ஆண்டு மாணவர்கள் 9 பேர். அவர்கள் விழுந்த அதிர்ச்சியில் கோயிலில் வைத்திருந்த முன்னோர் நினைவுப் பலகைகள் ஆடிச் சரிந்தன. கோயில் குரு குறைபட்டுக்கொண்டார். தரையைத் தாங்கும் கட்டைகளும் விட்டுப்போகும். கானோ இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் தவழ்ந்து போய்ச் சரிசெய்வாராம். இதைக் கேட்டபிறகு ரப்பர் ஷீட்டை வெட்டிக்கொண்டிருந்த பையன்களின் கை இன்னும் வேகமாக ஓடியது.

இனி அக்டோபர் 28. அது கானோ பிறந்த நாள், 1860. உலக ஜூடோ தினம் என்று பல நாடுகளிலும் கொண்டாடுகிறார்கள். நம் சங்கத்தில் அந்த மாலைக்கு ஒரு வழக்கம் உண்டு: இருப்பதிலேயே மூத்த பிளாக் பெல்ட்டை, கடைசியாகச் சேர்ந்த ஒயிட் பெல்ட் எறிய வேண்டும். நம் பெரிய மாஸ்டர் ஆரம்பித்து வைத்தது. இந்த ஆண்டு செயற்குழுவில், அவருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் சரியில்லை, இதை விட்டுவிட்டு ஒரு செயல்விளக்கம் வைக்கலாமே என்று சிலர் அக்கறையோடுதான் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய மாஸ்டரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எறிய வந்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். பெரிய மாஸ்டருடைய காலரைப் பிடிக்கவே கை கூசியது அவளுக்கு. முதல் தடவை இழுத்தாள், அவர் அசையவில்லை. இரண்டாம் தடவை இடுப்பைத் திருப்பினாள். அப்போதும் அப்படியே நின்றார். "முதல்ல இழும்மா, அப்புறம் இடுப்பைக் கொடு" என்றார். மூன்றாம் தடவை அவர் குதிகால் மேட்டைவிட்டு எழும்பியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவ்வளவுதான். அவள் இடுப்பின் மேலாக உருண்டு போய்ப் பொத்தென்று விழுந்தார். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது, கண் பெல்ட் முடிச்சின் மேல், கை மேட்டில் ஒரே அடி. எழுந்து டிரஸ்ஸைச் சரிசெய்துகொண்டு, அவளைவிடத் தாழ்ந்து வணங்கினார்.

இது வெறும் சடங்கு இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கானோ குள்ளமான, மெலிந்த ஆள். பள்ளியில் பலசாலிப் பையன்கள் கையில் சிரமப்பட்டவர். அதனால்தான் ஜுஜுத்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனார். முதல் ஆசிரியர் ஃபுகுடா ஹச்சினோசுகே. ஒரு எறிதலில் கையையும் காலையும் எப்படி வைப்பது என்று கேட்டால், "வா" என்று கூப்பிட்டு எறிவார். மறுபடி கேட்டால் மறுபடி எறிவார். அப்படி விழுந்து விழுந்து உடம்பெல்லாம் மருந்துப் பற்று போட்டுக்கொண்டு திரிந்தார் கானோ. அப்புறம் கிதோ என்ற ஜுஜுத்சு முறையை ஈகுபோ சுனெதோஷியிடம் கற்றார். ஈகுபோ ஐம்பதைத் தாண்டியவர், எறிவதில் கெட்டிக்காரர். கானோதான் எப்போதும் விழுவார். கோடோகன் தொடங்கிய பிறகு ஒரு நாள் அது தலைகீழானது. கானோவின் எறிதல் ஒவ்வொன்றும் பலித்தது, ஈகுபோவுடையது எதுவும் பலிக்கவில்லை. என்ன செய்தாய் என்று ஆசிரியர் கேட்டார். எறிவதற்கு முன்னால் எதிராளியின் நிலையைக் குலைப்பதை ஆராய்ந்து வந்ததைக் கானோ சொன்னார். நீ சொல்வது சரி, இனி உனக்கு நான் கற்றுத்தர ஒன்றுமில்லை என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அப்படி நிலையைக் குலைப்பதற்கு நாம் தினமும் சொல்லும் 'குசுஷி' என்ற சொல்லின் அருமை அங்கேதான் தெரிகிறது. ஆசிரியர் விழுந்தார், ஏன் விழுந்தேன் என்று மாணவனிடமே கேட்டார். அக்டோபர் 28 மாலை நம் மேட்டில் நடப்பதும் இதுதான். ஆகவே இந்த வழக்கம் தொடர வேண்டும் என்று பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சேர்ந்து இரண்டு மாதமாகியும் விழ மட்டும்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று பலர் கேட்டீர்கள். ஆமாம், அப்படித்தான். சைக்கிளிலிருந்து சறுக்கிய நம் பையன் ஒருவன் தலையில் அடிபடாமல் எழுந்து வந்தது அந்த இரண்டு மாதத்தால்தான்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குபவர்களுக்கும் ஒன்று. 1929-இல் தாகூர் அழைத்து ஜப்பானிய ஜூடோ ஆசிரியர் ஷின்சோ தகாகாகி சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ கற்பித்தபோதே அங்கே மாணவிகளும் சேர்ந்து கற்றார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ பதக்கப் போட்டியானது 1992-இல்தான்.

பார்வைக் குறைபாடுள்ள இரண்டு தம்பிகள் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கான ஜூடோவில் இருவரும் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் நாட்டின் கபில் பர்மார் வெண்கலம் வென்ற விதம் அதுதான். அவர்களோடு பயிற்சி செய்பவர்கள் முதலில் பெயரைச் சொல்லிவிட்டுக் கையைக் கொடுங்கள்.

வரும் ஆண்டில் கூரையைச் சரிசெய்ய வேண்டும், சிறுவர் அளவில் ஜூடோ டிரஸ் சிலது வாங்க வேண்டும். ரப்பர் ஷீட்டுக்குப் பணம் தந்த பழைய மாணவர்களுக்கும், பொறுத்துக்கொண்ட கீழ்த்தளத்தாருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்